தண்ணீரில் விழுந்த கோடு

மைக்ரோபைப்பெட்டின் பொத்தானுக்கு இரண்டு நிறுத்தங்கள் உண்டு என்ற விஷயம், அதைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் வேலையில் நான் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆன பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்பட்டால் எனக்குத்தான் சங்கடம்.

அந்தக் கருவியைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. பேனாவைவிடத் தடிமன், கைப்பிடி உண்டு, தலையில் ஒரு பொத்தான், நுனியில் ஒவ்வொரு முறையும் புதிதாக மாட்டும் பிளாஸ்டிக் டிப். கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினால் ஓரிடத்தில் லேசாகத் தடுக்கும். அதுதான் முதல் நிறுத்தம். அதுவரை அழுத்தி, டிப்பைத் திரவத்தில் வைத்து விரலை மெல்ல விட்டால் கேட்ட அளவு உள்ளே ஏறும். இன்னும் பலமாக அழுத்தினால் பொத்தான் இன்னும் கொஞ்சம் இறங்கும். அந்த இரண்டாவது நிறுத்தம் டிப்பில் ஒட்டிக்கொண்ட மிச்சசொச்சத்தை வெளியே தள்ள மட்டும். நானோ எடுக்கும்போதே அடிவரை அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். பொத்தான் என்று ஒன்று இருந்தால் அதை முழுசாக அழுத்துவதுதான் உழைப்பாளிக்கு அழகு என்று நினைப்பு. ஆகவே என்னிடம் பயின்ற முதல் அணி மாணவர்கள் எதையும் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துப் பழகினார்கள். கல்யாணப் பந்தியில் பரிமாற நல்ல பயிற்சி. அவர்களில் ஒருவன் இப்போது வங்கியில் இருக்கிறான். அந்த வாடிக்கையாளர்களை நினைத்துச் சில சமயம் சந்தோஷப்படுவேன்.

இந்தப் பழங்கதையை இப்போது கிளறக் காரணம், நான் வேலை பார்த்த பயிற்சி மையத்திலிருந்து வந்த ஒரு போன். திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியை ஒட்டிய மையம் அது. டிஎன்ஏவைப் பற்றி மூன்று வருஷம் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு அதை ஒருநாளும் கையால் தொட்டிராத இளங்கலைப் பிள்ளைகளை, ஆராய்ச்சிக்கூடத்தில் போய் நிற்கும் அளவுக்குத் தயார்ப்படுத்துவது அதன் வேலை. என் இடத்துக்கு வந்திருக்கும் இளைஞர் பேசினார். "சாரே, சிமுலேட்டர் வந்தாச்சு. பிள்ளைங்க முதல்ல கம்ப்யூட்டர்ல பைப்பெட் பிடிச்சுப் பழகிட்டுத்தான் லேபுக்குள்ள வரும். நிங்ஙள் பழைய அனுபவம் எதாவது எழுதித் தரணும், கேட்டோ. அவங்களுக்கு ஒரு இன்ஸ்பிரேஷன் ஆவட்டும்."

போய்ப் பார்த்தேன். திரையில் பைப்பெட் ஒன்று மிதந்தது. சுட்டியால் இழுத்துப் போனால் தானே சரியான அளவை எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் தப்பு வரவில்லை. நான் சேர்ந்த காலத்தில் இது இருந்திருந்தால் நானும் பெரிய நிபுணன்.

என் தகுதியைப் பற்றி ரொம்பச் சொல்வதற்கில்லை. பூர்வீகம் நாஞ்சில் நாடு, குடியிருப்பு திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகம், படிப்பு பி.எஸ்ஸி விலங்கியல். கல்லூரியில் லேப் அசிஸ்டெண்டாகச் சேர்ந்தேன். தவளையைப் பலகையில் மல்லாத்தி நரம்பு அறுபடாமல் பிரித்துக் காட்டுவதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. தவளையை அறுக்கக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. பெயர் போயிற்று. வேறு வேலை இல்லாத ஒருவன் யார் என்று நிர்வாகம் தேடியபோது நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். பயோடெக்னாலஜி பயிற்சி மையத்துக்கு மாற்றினார்கள். கருவிகளோடு வந்த கையேடுகளைப் படித்துக் கற்றுக்கொண்டேன். பைப்பெட்டின் கையேட்டை மட்டும் படிக்கவில்லை. இதில் படிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது.

பிறகு கிரேஸ் மேடம் தலைமைக்கு வந்தார். நாகர்கோவில்காரர், கிறிஸ்தவக் குடும்பம், வெளிநாட்டில் சில வருஷம் ஆராய்ச்சி செய்துவிட்டு ஊர்ப்பக்கம் திரும்பியவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கடினமாக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் கண்ணாடியைக் கழற்றி லேப் கோட்டின் ஓரத்தால் துடைப்பார். ஒரு பக்கக் கண்ணாடியை மட்டும் துடைத்தால் சின்னக் குற்றம். இரண்டையும் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் துடைத்தால், நமக்கு நாற்காலி தேவைப்படும்.

அவர் வந்த வாரம் என் வகுப்பில் பின்னால் நின்று கவனித்தார். பிள்ளைகள் போன பிறகு இரண்டு கண்ணாடியையும் துடைத்தார்.

"தாணு சார், நீங்க ரொம்ப தாராளமாக்கும்."

பாராட்டு என்று நினைத்து, "இருக்கதத்தானே மேடம் குடுக்கேன்" என்றேன்.

துல்லியத் தராசை இழுத்து வைத்தார். அதில் ஒரு சின்னத் தட்டு. "நூறு மைக்ரோலிட்டர் தண்ணி எடுத்து விடுங்க. நூறு மில்லிகிராம் காட்டணும்." விட்டேன். கூடுதலாகக் காட்டியது. மறுபடியும் விட்டேன். மறுபடியும் கூடுதல். தராசு பழுது என்று சொன்னேன். அவர் பைப்பெட்டை வாங்கி, முதல் நிறுத்தம்வரை மட்டும் அழுத்தித் தண்ணீரை எடுத்துத் தட்டில் விட்டார். தராசு உடனே குணமாகிவிட்டது.

மறுநாள் வகுப்பில் அவர் சொன்னது இதுதான்: "நேத்து வரைக்கும் தப்பா எடுத்தா எப்பிடி இருக்கும்னு தாணு சார் உங்களுக்கு விளக்கமா காட்டினாங்க. இன்னையிலிருந்து சரியா எப்பிடி எடுக்கதுன்னு காட்டுவாங்க." பிள்ளைகள் நம்பினார்கள். நான் அன்றைக்கு அந்த அம்மாளுக்கு அடிமையானேன்.

அதன்பின் எங்கள் பயிற்சிக்கு ஒரு ஒழுங்கு வந்தது. முதலில் வெறும் தண்ணீரும் தராசும். தராசு சம்மதிக்கும்வரை யாரும் டிஎன்ஏவின் பெயரைக்கூட எடுக்கக்கூடாது. அடுத்து ஜெல் எனும் வழுவழுப்பான பலகையில் உள்ள சின்னக் குழிகளில் சாய நீரை இறக்கும் பழக்கம். குழியோ அரிசியின் அகலம். கை ஆடினால் டிப் அடியைக் குத்திவிடும். பழகுவதற்கு ஜெல் செய்யும் விலையுயர்ந்த அகரோஸை வீணாக்க முடியுமா? சாலைக் கடைத்தெருவில் சைனா கிராஸ் என்னும் கடற்பாசி வாங்கிவந்து, என் மனைவி சரசு புட்டிங்குக்குக் காய்ச்சுகிற மாதிரியே காய்ச்சித் தட்டில் ஊற்றினேன். சர்க்கரை போடவில்லை. ஆனாலும் ஒரு பையன் தின்று பார்த்தான். சாய நீரை இறக்கிய பிறகுதான் தின்றான் என்பது அவன் நாக்கைப் பார்த்ததும் தெரிந்தது.

கடைசிப் பாடம், ஒவ்வொருவரும் ஒரு இலையைக் கொண்டுவர வேண்டும். அரைத்து, டிஎன்ஏவைப் பிரித்து, அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் பி.சி.ஆர் இயந்திரத்தில் கோடிக்கணக்கில் நகலெடுத்து, மின்சாரம் பாய்ச்சி ஜெல்லில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வேலை சரியாக நடந்திருந்தால் விளக்கடியில் ஒளிரும் கோடு ஒன்று தெரியும். நாங்கள் பயன்படுத்திய ரசாயனம் எந்தச் செடியாக இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். அரச மரமா, அறுகம்புல்லா என்று பேதம் பார்க்காது. அதனால் இலைகளோடு ஒரு டியூபில் வெறும் தண்ணீரும் போகும். மற்றெல்லாம் ஒன்றுதான், இலை மட்டும் கிடையாது. ஜெல்லில் அந்தத் தண்ணீர் ஓடும் தடம், லேன் என்போம், கறுப்பாக, காலியாக இருக்க வேண்டும். அதில் கோடு விழுந்தால் எங்கிருந்தோ ஒரு செடி உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள். அப்புறம் மற்ற கோடுகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவற்றை நம்ப வழியில்லை.

கிரேஸ் மேடம் ஜெல் படத்தை வாங்கியதும் உள்ளங்கையால் மற்ற எல்லா லேன்களையும் மூடிவிடுவார். தண்ணீர் லேனை மட்டும் பார்ப்பார். அது காலியாக இருந்தால்தான் கையை எடுப்பார். படத்தைக் கொடுத்த பிள்ளை அதுவரை மூச்சு விடாது.

இனி செல்வராணி. போனக்காட்டிலிருந்து வந்த பெண். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்து, மலையாளத்தில் பள்ளிப்படிப்பு முடித்து, நகரத்தில் விடுதியில் தங்கி தாவரவியல் படித்துக்கொண்டிருந்தாள். முதல் நாளே தராசு அவளுக்குச் சம்மதித்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. வகுப்புக்கு முன்னால் நிறுத்தி, "பாத்துக்கிடுங்க, தலைமுறை தலைமுறையா கொழுந்து பறிச்ச விரல். பைப்பெட் தானா வசப்படுது" என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன்.

"நான் ஒருநாள்கூட பறிச்சதில்ல சார்" என்றாள் அவள். "எங்கம்மா கொழுந்துக்காட்டுப் பக்கமே விடாது. இது வீட்ல உக்காந்து வீடியோ கேம் விளையாண்ட விரல்."

வகுப்பு சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது.

ஒவ்வொரு அணியிலிருந்தும் ஒருவரை நகரத்தில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிலையம் ப்ராஜெக்டுக்கு எடுத்துக்கொள்ளும். அங்கே ஒரு விஞ்ஞானி முன் உட்கார்ந்து, தன் கையால் செய்த ஜெல்லைக் காட்டி விளக்க வேண்டும். கிரேஸ் மேடம் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் உள்ளேயே விடுவார்கள். செல்வராணிக்கு அந்த இடம் தேவைப்பட்டது. கிழக்கே கோட்டை பஜாரில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலைக்கு அவளுடைய மாமா சொல்லி வைத்திருந்தார். "மாமா நல்லவருதான் சார். ஆனா கடைல ஒருதடவ உக்காந்துட்டா அப்புறம் எந்திரிக்க விடமாட்டாங்க" என்று அவள் ஒருமுறை சொன்னாள்.  

அவள் எடுத்த இலை தேயிலை. வேண்டாம் என்று சொன்னேன். தேயிலையை அரைத்தால் டிஎன்ஏவோடு கறையும் சேர்ந்து இறங்கும், பழுப்பாகக் கொழகொழவென்று நிற்கும், பி.சி.ஆர் மறுத்துவிடும். செம்பருத்தியை எடுத்தால் ஒரே முயற்சியில் முடிந்துவிடும். "செம்பருத்தி எல்லாரும் செய்றதுதானே சார்" என்றாள். கழுவும் திரவத்தை மாற்றி மாற்றிப் பார்த்தாள். டியூபின் அடியில் ஒருநாள் கறை இல்லாமல் நிறமற்று எதுவோ படிந்தபோது, அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு பெரிய மனிதத்தனம் செய்தேன். மையம் முதன்முதலாக வாங்கிய பழைய பைப்பெட் ஒன்று உண்டு. இரண்டு நிறுத்தங்களின் ரகசியத்தை நான் கற்றது அதில்தான். அதை யாருக்கும் கொடுக்கமாட்டேன். "இத வச்சு பி.சி.ஆர் போடு" என்று அவளிடம் கொடுத்தேன்.

பூஜவைப்பு முடிந்து மையம் திறந்திருந்த வாரம் அது. இந்த ஊரில் அஷ்டமி மாலை புத்தகங்களையும் கருவிகளையும் சரஸ்வதிக்கு முன்னால் வைத்துவிட்டால் விஜயதசமி காலைவரை தொடக்கூடாது. படிக்காமல் இருப்பதற்குக் கடவுளே அனுமதி தருகிற பண்டிகை வேறெங்கும் கிடையாது. மாணவர்கள் பக்தியோடு கொண்டாடுவார்கள். எங்கள் மையத்திலும் வைத்தோம். கிரேஸ் மேடத்திடம் அனுமதி கேட்டபோது, "எனக்கொண்ணும் இல்ல, தாணு சார். இன்குபேட்டருக்குள்ள விளக்கு ஏத்தி வச்சிராதிய, போதும்" என்றார். பைப்பெட்டுகளுக்குச் சந்தனம், குங்குமம், ஸ்ரீவராகம் கோயிலிலிருந்து சரசு கொண்டுவந்த துளசி. என் பழைய பைப்பெட்டுக்குக் கொஞ்சம் தனி மரியாதை. விஜயதசமியன்று எல்லாவற்றையும் ஸ்பிரிட்டால் துடைத்துப் பளபளவென்று நிறுத்தினேன்.

நேர்காணலுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்திருந்தபோது செல்வராணியின் ஜெல் ஓடியது. விளக்கைப் போட்டோம். தேயிலை லேனில் கோடு, வாள் மாதிரி. நான் கை தட்டினேன். அவள் தட்டவில்லை. ஓரத்தில் இருந்த தண்ணீர் லேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலும் கோடு. மங்கலாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல், அதே உயரத்தில்.

கிரேஸ் மேடம் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

"தண்ணி பச்ச பிடிச்சிருக்கே மக்களே." ஒற்றைப் பிள்ளையையும் மக்களே என்பது எங்கள் நாஞ்சில் வழக்கம்.

"ஆமா மேடம்."

"இத வச்சு நான் கையெழுத்து போடமுடியாது. தெரியுமில்லியா?"

"தெரியும் மேடம்."

"தேயிலை லேன்ல இருக்கது தேயிலைதானா, இல்ல தண்ணிக்குள்ள புகுந்ததுதான் அங்கயும் புகுந்திருக்கான்னு யாருக்குத் தெரியும்?" இரண்டாவது கண்ணாடியையும் துடைத்துவிட்டு அறைக்குப் போனார்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் போய்விட்டார்கள். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு பொறுக்கவில்லை. ஒவ்வொரு அணிக்கும் நேர்மையைப் பற்றி நீண்ட உரை ஆற்றுகிறவன் நான். அந்த உரையை மறந்துவிட்டுச் சொன்னேன்: "ஒண்ணு செய்யலாம். தண்ணிய பி.சி.ஆர்ல போடாம, நேரா சாயத்த கலந்து ஜெல்லுல இறக்கிருவோம். லேன் காலியா இருக்கும். உன் தேயிலை சரியாத்தான் இருக்கு, எனக்குத் தெரியும்."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கோபம் என்றுகூடச் சொல்லமுடியாது. பஸ்ஸில் தவறான நிறுத்தத்தைச் சொன்னவனைப் பார்க்கிற பார்வை.

"அப்ப இந்தக் கோடு எங்கேருந்து வந்துச்சு சார்?"

"எங்கேருந்தோ வந்துட்டுப் போகட்டும்."

"அதெப்படி சார்? தண்ணில தானா ஒரு செடி முளைக்குமா? எனக்கு அது எந்தச் செடின்னு தெரியணும்."

துணிக்கடை அவளுக்கு மறந்துபோயிருந்தது. எனக்குத்தான் அந்தக் கடையின் பில் மேசை கண்முன்னால் தெரிந்துகொண்டிருந்தது.

அடுத்த நாள் விசாரணை தொடங்கியது. சந்தேகப் பட்டியலை நான் தயாரித்தேன். தண்ணீர் வந்த கம்பெனி. ஏ.சி.யின் தூசி. அவள் கூந்தலில் இருந்த கனகாம்பரம். விடுதியில் பொரியலாகப் போடும் முருங்கைக்கீரைத் தோரன். பக்கத்து மேசையில் செம்பருத்தி அரைத்த பையன். ஜன்னலுக்கு வெளியே நிற்கிற வேப்பமரத்தைக்கூட விடவில்லை. அறையில் இருந்த எல்லாரையும் எல்லாவற்றையும் சந்தேகித்தேன், ஒரே ஒருவனைத் தவிர.

கிரேஸ் மேடம் எட்டிப் பார்த்தார். "எல்லாத்தையும் ஒண்ணா மாத்தாதிய. மாத்தினா சரியாயிரும், எதனால சரியாச்சுன்னு தெரியாது. ஒரு நேரம் ஒண்ணு."

செல்வராணி அப்படியே செய்தாள். புதுத் தண்ணீர், மற்றெல்லாம் பழசு: கோடு விழுந்தது. தண்ணீர் நிரபராதி. புது டிப் பெட்டி: கோடு விழுந்தது. புது ரசாயனம், அப்போதுதான் பிரித்த பாட்டில்: விழுந்தது. கனகாம்பரத்தை எடுத்துவிட்டுத் தலையை மூடிக்கொண்டு செய்தாள்: விழுந்தது. ஒவ்வொன்றும் விடுதலையாகிப் போனது. கடைசியில் வேறொரு பைப்பெட்டை எடுத்து, எல்லாவற்றையும் பழையபடி வைத்துச் செய்தாள். தண்ணீர் லேன் அமாவாசை மாதிரி இருந்தது.

"சார், உங்க பைப்பெட்."

"அது நல்ல பைப்பெட்" என்றேன். "தராசுல வச்சுப் பாரு."

"அளவு நல்லாத்தான் எடுக்குது. தொறந்து பாக்கட்டா?"

வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் பிடித்து, டிப்பைக் கழற்றிவிடும் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் இல்லை. அந்தப் பொத்தானோடு சேர்ந்து இறங்குகிற உறையைக் கழற்றித் தட்டினாள். இடுக்கிலிருந்து கறுப்பும் பச்சையுமாக ஒரு துணுக்கு தாளில் விழுந்தது. தொட்டால் பொடியாகும் காய்ந்த இலை. டிப்பைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அதன் பொடி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே உதிர்ந்திருக்கிறது. கையுறையில் விழுந்து, திறந்திருந்த டியூபில் விழுந்து, தண்ணீரைச் செடியாக்கியிருக்கிறது.

 பூஜையன்று அந்தப் பொத்தானின் அடியில் ஒரு கொத்தைச் செருகியபோது எவ்வளவு பாந்தமாக நின்றது என்று நானே தள்ளி நின்று ரசித்திருந்தேன். விஜயதசமியன்று கொத்தை உருவினேன். அடியில் ஒரு இலை தங்கிவிட்டது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தது பைப்பெட்டின் வெளியழகை மட்டும்தான். அது போதாதென்று, ஸ்பிரிட் கிருமியைக் கொல்லுமே ஒழிய டிஎன்ஏவை ஒன்றும் செய்யாது என்று ஒவ்வொரு அணிக்கும் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான்.

"தேயிலைத்தூளா இருக்கும்" என்றேன். "உன் கையிலேருந்து போயிருக்கும்."

அவள் தாளை மூக்கருகே கொண்டுபோனாள். "துளசி மணக்குது சார்."

கிரேஸ் மேடத்திடம் காட்டினோம். நானே சொன்னேன், நான்தான் செருகினேன் என்று. அவர் கண்ணாடியை மூன்று முறை துடைத்தார். அதுவரை பார்த்திராத எண்ணிக்கை. பிறகு செல்வராணியைப் பார்த்து, "மணத்த வச்சு சொல்லக்கூடாது. தாணு சார் சொல்லுகத வச்சும் சொல்லக்கூடாது. தண்ணி லேன்ல விழுந்த கோட்ட வெட்டி எடுத்து சீக்வென்ஸிங்குக்கு அனுப்பு. டிஎன்ஏ எழுத்த படிச்சுப் பாப்போம்" என்றார்.

அந்த வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் சரசுவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "துளசின்னு வந்தா நல்லதுதானே? பெருமாளுக்குச் சாத்தினது. உங்க மெஷின் கரெக்டா கண்டுபிடிச்சிருக்கு" என்றாள். "அந்தப் பிள்ளைக்கு கிடைக்கவேண்டிய இடம் போயிரும் சரசு" என்றேன். "அப்ப நீங்க போயி அந்த விஞ்ஞானி கால்ல விழுங்க" என்றாள், மோருக்குக் கறிவேப்பிலை கிள்ளியபடி. அதிலும் ஒரு இலை.

முடிவு வியாழக்கிழமை வந்தது. நான்கு எழுத்துகள் மாறி மாறி வரும் நீண்ட சரம். அதைத் தகவல் தளத்தில் போட்டுத் தேடினாள். திரையில் முதலில் வந்த பெயர் துளசியின் லத்தீன் பெயர். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. செல்வராணி மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்து, "கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கத்தினாள். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கிரேஸ் மேடமும் சிரித்தார். நானும் சிரித்தேன், குற்றவாளிக்கு எவ்வளவு அனுமதியோ அவ்வளவு.

வேறு பைப்பெட்டால் அவள் செய்த சுத்தமான ஜெல் கையில் இருந்தது. தேயிலை லேனில் கோடு, தண்ணீர் லேன் காலி. மேடம் கையை வைத்துப் பார்த்து, எடுத்து, கையெழுத்துப் போட்டார். எனக்கு உயிர் வந்தது.

"நல்லதாப் போச்சு" என்றேன் செல்வராணியிடம். "நாளைக்கு இத மட்டும் காட்டு."

"ரெண்டையும் காட்டப்போறேன் சார். அழுக்கு ஜெல்லு, சுத்த ஜெல்லு, துளசி ரிசல்ட்டு."

"அதெதுக்கு? கேக்காதத சொல்லி இடத்தக் கெடுத்துக்காத. அழுக்கு ஜெல்லப் பாத்தா உனக்கு கை சுத்தமில்லன்னு நினைப்பாங்க."

"கை சுத்தம்தான்னு காட்டத்தானே சார் அது?"

மேடத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் பேசுகிற எண்ணம் அவருக்கு இல்லை.

"என் பேரச் சொல்லணுமா?" என்றேன் கடைசியில்.

"பேரெல்லாம் சொல்லல சார். டெக்னிகல் ஸ்டாஃப்னு மட்டும் சொல்றேன்."

மையத்தில் டெக்னிகல் ஸ்டாஃப் என்று இருந்தது மொத்தம் ஒருவன்.

வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். ஆராய்ச்சி நிலையத்தின் வாசலில் ஒரு பெஞ்சு. உள்ளே போனவள் வர நேரமாயிற்று. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். காவலாளி, "சாரின்றெ மோளாணோ?" என்று கேட்டார். மகளா என்று கேட்டதற்கு இல்லை என்று சொன்னேன். பிறகு ஏன் இத்தனை பதற்றம் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். அவருக்கு எப்படி விளக்குவது, உள்ளே ஒருத்தி தன் வாழ்க்கையோடு என் துளசியையும் சேர்த்து மேசைமேல் வைத்திருக்கிறாள் என்று.

வெளியே வந்தாள். படங்களைப் பிளாஸ்டிக் உறையில் திருப்பி வைத்துக்கொண்டே, "கிடைச்சிருச்சு சார்" என்றாள். மாமாவுக்கு அங்கேயே நின்று போன் பண்ணினாள். கடையில் வேறு ஆளைப் பார்க்கச் சொன்னாள். அவர் அந்தப் பக்கம் ஏதோ சொல்ல, "இல்ல மாமா, சம்பளம் கம்மிதான். இல்ல மாமா, துணி கிடையாது" என்று சிரித்தாள்.

நான் அன்றிலிருந்து வேறு ஆள். ஒவ்வொரு புது அணிக்கும் இந்தக் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது மெருகேறியது. தவறைத் துரத்துகிறவர்தான் விஞ்ஞானி, அப்படித் துரத்துவதற்கு நல்ல தரமான தவறு ஒன்றை யாராவது செய்துதர வேண்டும், அந்த வகையில் ஒரு பெண்ணின் ஆராய்ச்சி வாழ்க்கைக்கு அடித்தளம் போட்டவன் அடியேன் என்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. பூஜவைப்புக்குப் பிறகு பைப்பெட்டுகளைக் கழற்றிப் போட்டு ப்ளீச்சில் கழுவும் வழக்கத்தையும் நானே ஏற்படுத்தினேன். துளசி மட்டும் சரஸ்வதி படத்தோடு நின்றுவிட்டது.

கேரள அரசாங்கம் ஐம்பத்தாறு வயதிலேயே ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடும். என் பிரிவுபசார விழாவுக்குச் செல்வராணி வந்திருந்தாள். இப்போது அதே நிலையத்தில் ஆராய்ச்சி மாணவி. நன்றியுரையில் துளசிக் கதையை அதுவரை சொன்னதிலேயே மிக நீளமாகச் சொன்னேன். கைதட்டினார்கள். ஒரு துளசி இலை ஒரு விஞ்ஞானியை உருவாக்கியது என்று முடித்தேன். கிரேஸ் மேடம் ஒரு கண்ணாடியை மட்டும் துடைத்தார்.

அப்புறம் உள்ளிவடையும் டீயும். மேடம் அவளிடம் கேட்டார்: "அன்னைக்கு இன்டர்வியூல என்ன கேட்டாங்கன்னு நீ இன்னைக்கு வரைக்கும் சொல்லவே இல்லியே மக்களே. துளசியப் பாத்துத்தான் எடுத்தாங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள்.  வடையைத் தட்டில் வைத்தாள்.

"அந்த விஞ்ஞானி ரெண்டு ஜெல்லையும் பாத்தார் மேடம். ரிசல்ட்டப் பாத்தார். அப்புறம், 'இதச் செருகின சார் எங்க லேபுக்கு எப்பவாவது வருவாரா?'ன்னு கேட்டார். 'வரமாட்டார்'னேன். 'அப்ப நீ திங்கக்கிழமை சேர்ந்துக்கோ'ன்னுட்டார்."